வாசகர் கேள்வி–பதில்: தோட்டத்து மேப்பிள் மரத்தைப் பருவந்தோறும் பேணுதல்

மேப்பிள் மரத்தைப் பற்றி வந்த கடிதங்கள் ஒரு தனிக்கட்டாகவே சேர்ந்துவிட்டதால், இம்முறை இப்பகுதியை முழுவதும் அம்மரத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் இலையைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஆனால் இலையில் தோன்றும் குறைக்கான காரணம் அடிமரத்திலோ வேரிலோ இருப்பதே வழக்கம் என்பதால், பதில்களும் அங்கேயே திரும்பத் திரும்பச் செல்லும். மாதப் பெயர்கள் வட அரைக்கோளத்தைக் கருதிச் சொல்லப்பட்டவை. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.

கேள்வி: ஐயா, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிவப்பு மேப்பிள் கன்றை நட்டேன். குழியை நன்றாக ஆழமாக வெட்டி, தொழுவுரம் இட்டு, அடிமரத்தைச் சுற்றி மரத்தூளும் பட்டைச்சீவலும் கூம்பு போலக் குவித்து, எல்லாம் முறையாகச் செய்ததாகவே நினைத்தேன். ஆனால் மரம் ஆண்டுக்கு ஒரு சாண் கூட வளரவில்லை; இலைகளும் சிறுத்துக்கொண்டே வருகின்றன. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், குவித்து வைத்திருக்கும் மூடாக்கை முழுவதும் விலக்கிவிட்டு அடிமரத்தைப் பாருங்கள். ஆரோக்கியமான மரத்தின் அடி மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போலச் சற்றே விரிந்து, வேர்கள் பிரியத் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்கள் மரம் மண்ணில் கம்பம் ஊன்றியதுபோல ஒரே பருமனாக இறங்கினால், அது தேவைக்கு மேல் ஆழமாக நடப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆழமான குழியில் அடியில் இட்ட எரு மக்க மக்க, வேர்மண் கட்டி மேலும் கீழிறங்கும். புதைந்த பட்டை எப்போதும் ஈரமாகவே இருந்து அழுகும். வேர்களுக்குக் காற்று கிடைக்காது. இவற்றைவிடக் கொடிய விளைவு ஒன்று உண்டு. புதைந்த அடிமரத்திலிருந்தும், தொட்டியில் வட்டமிட்டுப் பழகிய பழைய வேர்களிலிருந்தும் சில வேர்கள் அடிமரத்தையே சுற்றி வளர்ந்து, மரம் பருக்கப் பருக்கக் கயிறு போல இறுக்கிவிடும். மேப்பிள் இனத்தில், குறிப்பாகச் சிவப்பு மேப்பிள், சர்க்கரை மேப்பிள், நார்வே மேப்பிள் ஆகியவற்றில், இக்கேடு மிகுதியாகக் காணப்படுகிறது.

நான் நட்ட முதல் மேப்பிளையும் இப்படித்தான் ஆழப் புதைத்தேன். அது ஏழாம் ஆண்டில் ஒரு பக்கமாகக் காய்ந்தபோது தோண்டிப் பார்த்தே காரணத்தை அறிந்தேன். அதனால் இந்த ஒரு செய்தியை எந்தக் கடிதத்துக்கும் எழுதாமல் விட என் மனம் ஒப்புவதில்லை.

உங்கள் மரத்துக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. குளிர் தணிந்து மொட்டுகள் பருக்கும் முன், கையாலோ சிறு களைக்கொத்தாலோ அடிமரத்தைச் சுற்றிய மண்ணைப் பதமாக விலக்கி, முதல் பெரிய வேர் பிரியும் இடம் வெளிப்படும்வரை இறங்குங்கள். அடிமரத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய வேர்களை வெட்டிவிடலாம். கட்டைவிரலைவிடப் பருத்தவை இருந்தால் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் வெட்டாமல், அனுபவமுள்ள மரப் பராமரிப்பாளர் ஒருவரிடம் காட்டி, இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பிரித்து நீக்குவது நல்லது. பிறகு மூடாக்கை 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். இனி நடப்போகிறவர்கள் குழியை ஆழமாக வெட்டாமல் அகலமாக வெட்ட வேண்டும்: வேர்மண் கட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் அக்கட்டியின் உயரத்தளவே. குழியைத் தோண்டிய மண்ணாலேயே நிரப்புவது போதும். எருவை மேலே பரப்பினால் அது தானாக இறங்கும்.

கேள்வி: மார்ச் மாதத்தில் என் மேப்பிளில் ஒரு கிளையைக் கவாத்து செய்தேன். வெட்டிய இடத்திலிருந்து நாள்கணக்கில் நீர் சொட்டுகிறது. மெழுகு பூசினேன், துணியால் கட்டினேன், நிற்கவில்லை. மரம் செத்துவிடுமா?

பதில்: செத்துவிடாது. மெழுகையும் துணியையும் இன்றே எடுத்துவிடுங்கள். இலை விட்டவுடன் சொட்டுதல் தானாக அடங்கும்.

இரவில் உறைபனியும் பகலில் உருகும் வெப்பமும் மாறி மாறி வரும் நாள்களில் மேப்பிள் மரத்தின் தண்டில் வேறு மரங்களில் எளிதில் காண முடியாத ஒரு நிகழ்வு நடக்கிறது. இதன் மரநார் செல்களில் நீருக்குப் பதிலாக வாயு அடைபட்டிருக்கிறது. இரவுக் குளிரில் அந்த வாயு சுருங்கி, சுற்றியுள்ள நீர் உள்ளே இழுக்கப்பட்டு உறைகிறது. பகலில் பனி உருகும்போது அழுத்தப்பட்டிருந்த வாயு விரிந்து, சாற்றை வெளியே தள்ளுகிறது. அந்நேரத்தில் தண்டில் எங்கே துளை இருந்தாலும் சாறு அதன் வழியே வழியும். மேப்பிள் பாகு காய்ச்சுவோர் நம்பியிருப்பதும் இந்த அழுத்தத்தைத்தான். சர்க்கரை மேப்பிளின் சாற்றில் ஏறத்தாழ 2 சதவீதமே சர்க்கரை என்பதால், ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் அளவில் சாறு வேண்டும். அவ்வளவு சாற்றைக் கொடுத்தும் அம்மரங்கள் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், உங்கள் கிளையிலிருந்து சொட்டியதற்காக வருந்த வேண்டியதில்லை என்பது விளங்கும்.

ஆயினும் கவாத்துக்கு அது உகந்த காலமன்று. இலைகள் முழுதாக விரிந்து முற்றிய பிறகு, அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரையிலோ, அல்லது இலை முழுவதும் உதிர்ந்தபின் டிசம்பர் வரையிலோ வெட்டினால் சாறு வழியாது. கோடைக் கவாத்துக்கு மற்றொரு நன்மையும் உண்டு: எந்தக் கிளை உயிரோடிருக்கிறது, எது நிழலில் நலிந்துவிட்டது என்பது இலையைப் பார்த்தே தெரிந்துவிடும். காய்ந்த கிளையையும் முறிந்த கிளையையும் எந்த மாதத்திலும் நீக்கலாம்.

எங்கே வெட்டுவது என்பது எப்போது வெட்டுவது என்பதைவிட முக்கியமானது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சிறு வளையம் போல ஒரு புடைப்பு இருக்கும். அதை வெட்டிவிடாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அமெரிக்க மரநோயியலாளர் அலெக்ஸ் ஷைகோ, மரம் தன் காயத்தை மனிதத் தோலைப்போல ஆற்றுவதில்லை, அழுகல் உள்ளே பரவாதபடி சுவர் எழுப்பி அதைத் தனிமைப்படுத்துகிறது என்பதை ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டித் திறந்து பார்த்து நிறுவினார். அந்தச் சுவரின் முதல் வரிசை எழுவது அப்புடைப்பிலேயே. காயத்தின் மேல் பூசும் சாயமும் தாரும் மெழுகும் இதற்கு உதவுவதில்லை. ஈரத்தை அடைத்து அழுகலுக்கு இடம் கொடுப்பதும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேப்பிளில் மொட்டுகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இருப்பதால், நுனி மொட்டு கெட்டுவிட்டால் இரண்டு பக்க மொட்டுகளும் சமபலத்தோடு எழுந்து, மரம் கவண்கட்டை போல இரண்டாகப் பிரியும். அந்தக் கவையில் பட்டை உள்ளே மாட்டிக்கொண்டால், பெருங்காற்றிலோ பனிப்பாரத்திலோ பின்னாளில் பிளந்துவிடும். கன்றாக இருக்கும்போதே இரண்டில் ஒன்றைக் குட்டையாக வெட்டி, மற்றதைத் தலைமையாக விடுவது, முப்பது ஆண்டு கழித்துச் செய்ய வேண்டிய பெரிய அறுவையைத் தவிர்த்துவிடும்.

கேள்வி: என் ஜப்பானிய மேப்பிளின் அழகிய பின்னல் இலைகள் ஜூலை வந்தவுடன் ஓரம் கருகிச் சுருண்டுவிடுகின்றன. பூச்சி எதுவும் தென்படவில்லை. மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்: மருந்து வேண்டாம். இது நோயன்று, வேர் கொடுக்கும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகமாகும்போது, நீர்வழியின் கடைசியில் இருக்கும் இலையோரம் முதலில் காய்கிறது. ஜப்பானிய மேப்பிள் தன் தாயகத்துக் காடுகளில் உயர்ந்த மரங்களின் கீழே, சிதறிய ஒளியில் வளரும் சிறுமரம். 1784-இல் துன்பெர்க் என்ற சுவீடன் தாவரவியலாளர் இதற்கு அறிவியல் பெயரிட்டபோது, விரித்த உள்ளங்கையை நினைவூட்டும் சொல்லைத் தேர்ந்தார். அந்த உள்ளங்கை நூல்நூலாகப் பிரிந்த வகைகளில் இலைப்பரப்பின் விளிம்பு மிக நீளமாக இருப்பதால், பிற்பகல் வெயிலும் வறண்ட காற்றும் அவற்றை எளிதில் வாட்டுகின்றன.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் இதற்கு ஏற்றது. நிலத்தில் இருக்கும் மரத்தை இடம் மாற்றுவதானால் இலையுதிர்ந்த பிறகே மாற்ற வேண்டும். அதுவரை மூடாக்கும், ஆழ்ந்த பாசனமுமே துணை. தினமும் மேலே சிறிது தெளிப்பதால் வேர்கள் மேலேயே தங்கி, அடுத்த வெப்ப அலையில் இன்னும் எளிதாகக் காயும். விரலை மண்ணுக்குள் 5 செ.மீ. செலுத்திப் பார்த்து, அங்கே வறட்சி தெரிந்தால், நீர் மெல்ல இறங்குமாறு நெடுநேரம் பாய்ச்சுங்கள். கருகிய இலைகளைப் பறிக்க வேண்டாம். பச்சையாக எஞ்சிய பகுதி இன்னும் மரத்துக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. வாடிய மரத்தைத் தேற்ற உரம் இடுவது, களைத்தவனின் தலையில் சுமையேற்றுவது போன்றது. உரத்தின் உப்பு வேரிலிருந்தே நீரை இழுத்துவிடும்.

கேள்வி: சிவப்பு இலை கொண்ட என் ஜப்பானிய மேப்பிளின் அடியில் மட்டும் பச்சை இலைத் தளிர்கள் வேகமாக வளர்கின்றன. இது ஏன்?

பதில்: உங்கள் மரம் ஒட்டுச்செடி. ஒட்டுக்குக் கீழே இருக்கும் வேர்ச்செடி தன் சொந்தத் தளிர்களை விடுகிறது. அவை மேலே உள்ள ஒட்டை விரைவில் மிஞ்சிவிடும் என்பதால், இளந்தளிராக இருக்கும்போதே தோன்றும் இடத்தோடு சேர்த்துக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஜூன் மாதம் எங்கள் நார்வே மேப்பிளின் ஒரு பக்கக் கிளைகள் மட்டும் திடீரென வாடித் தொங்கின. இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் முழுவதும் காய்ந்துவிட்டது. மறுபக்கம் பசுமையாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அடிமரத்தைத் தோண்டி, மேலே சொன்ன சுற்றுவேர் இருக்கிறதா என்று பாருங்கள், ஒருபக்க வாடலுக்கு அதுவும் ஒரு காரணம். அது இல்லையென்றால், வாடிய கிளை ஒன்றை வெட்டிப் பட்டையைச் சீவுங்கள். உள்ளே இருக்கும் மரப்பகுதியில் ஆலிவ் பச்சை நிறத்திலோ பழுப்பாகவோ கீற்றுகள் ஓடினால், வெர்டிசிலியம் என்ற பூசணம் உண்டாக்கும் வாடல் நோய் என்று ஐயுற இடமுண்டு. தாவரநோய் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம்.

இந்தப் பூசணம் மண்ணில் வாழ்ந்து, வேர்வழியே ஏறி, நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. இதை மறைத்து நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. அதே நேரத்தில், நோயுற்ற மரங்கள் எல்லாமே மடிந்துவிடுவதும் இல்லை. சில மரங்கள் நோய் புகுந்த ஆண்டு வளையத்தைத் தனிமைப்படுத்தி, அடுத்த ஆண்டு புதிய வளையத்தின் வழியே நீரேற்றிப் பிழைத்துக்கொள்கின்றன. காய்ந்த கிளைகளை நீக்கி, வெட்டுக்கு வெட்டு கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, வறட்சி தாக்காதபடி நீர் கொடுத்து, தழைச்சத்து மிகுந்த உரங்களைத் தவிர்த்து, இரண்டு ஆண்டு பொறுத்துப் பாருங்கள். வெட்டிய மரத்தைத் துண்டாக்கி மூடாக்காக இடக் கூடாது.

மரம் பிழைக்காவிட்டால் அதே இடத்தில் இன்னொரு மேப்பிளை நட வேண்டாம். இப்பூசணத்தின் உறங்குநிலை உடலங்கள் பத்து ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, ஸ்ட்ராபெரி ஆகியவையும் இதற்கு இரையாகும் என்பதால், அவை நோயுற்ற நிலத்தில் மேப்பிளை நடுவதும் அறிவுடைமையன்று. ஊசியிலை மரங்களும் ஜின்கோ மரமும் இந்நோய்க்கு ஆட்படுவதில்லை.

கேள்வி: இலைகளில் தார் தெளித்ததுபோல் கரும்புள்ளிகள் விழுந்துள்ளன. அஞ்ச வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெயரே தார்ப்புள்ளி நோய்தான். கண்ணுக்கு உறுத்துமே தவிர மரத்துக்குப் பெரிய கேடு இல்லை. பூசணம் உதிர்ந்த இலையில் குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த இளவேனிலில் புதுத்தளிருக்குத் தாவுகிறது. ஆகவே உதிர்ந்தவற்றைக் கூட்டி அகற்றிவிட்டாலே அடுத்த ஆண்டு குறையும்.

கேள்வி: வெள்ளி மேப்பிளின் வேர்கள் புல்தரைக்கு மேலே எழும்பி, புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்குகின்றன. வெட்டிவிட்டு மண் கொட்டி மூடலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். மேப்பிள் வேர்கள் இயல்பாகவே மேல்மண்ணில் காற்றைத் தேடிப் படர்பவை. பருத்த வேரை வெட்டினால் மரத்தின் பிடிமானமும் நீர்வரவும் குறையும். கனமாக மண் கொட்டினால் மற்ற வேர்கள் மூச்சுத்திணறும். அந்தப் பகுதியில் புல்லை விட்டுக்கொடுத்துவிட்டு மெல்லிய மூடாக்கைப் பரப்புவதே சரியான வழி. இயந்திரம் வேரிலும் அடிமரத்திலும் உண்டாக்கும் சிறு காயங்களே அழுகலுக்கு வாசலாகின்றன என்பதால், இதனால் புல்லை இழந்தாலும் மரத்துக்கு ஆதாயமே.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்து மேப்பிள் அக்டோபரில் செக்கச்சிவந்து நிற்க, எங்களுடையது வெளிறிய மஞ்சளோடு உதிர்ந்துவிடுகிறது. நிறம் கூட்ட வழி உண்டா?

பதில்: உங்கள் மரம் எந்த வகை என்று எழுதவில்லை. நார்வே மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் பொதுவாக மஞ்சளாகவே மாறும். அவற்றைச் சிவக்கச் செய்ய எவராலும் இயலாது. சிவப்பு மேப்பிள் கூட, விதையிலிருந்து வளர்ந்ததாக இருந்தால், மரத்துக்கு மரம் வேறுபடும். பெயரில் சிவப்பு இருந்தும் மஞ்சளாக உதிரும் மரங்கள் உண்டு. நிறத்துக்காகவே நடுபவர்கள் இலையுதிர்காலத்தில் நேரில் பார்த்து வாங்குவதோ, ஜப்பானிய மேப்பிளில் 'ஒசகாசுகி' போலச் செந்நிறத்துக்குப் பெயர்பெற்ற ஒட்டு வகையைத் தேடுவதோ நல்லது.

வகை சரியாக இருந்தும் நிறம் வராவிட்டால், நிறம் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது உதவும். மஞ்சள் நிறமி கோடை முழுவதும் இலையிலேயே இருக்கிறது. பச்சையம் சிதைந்தவுடன் அது வெளிப்படுகிறது. சிவப்பு அப்படியன்று. இலைக்காம்பின் அடியில் அடைப்பு உருவாகிச் சர்க்கரை இலையிலேயே தேங்கும் நாள்களில், அச்சர்க்கரையைக் கொண்டு மரம் அதைப் புதிதாக உண்டாக்குகிறது. ஆகவே அதற்கு வெயில் நிறைந்த பகலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் வேண்டும். மேகமூட்டமான வெதுவெதுப்பான இலையுதிர்காலத்தில் எந்த மரமும் மங்கலாகவே இருக்கும். அதற்கு நாம் பொறுப்பல்ல. நம் கையில் இருப்பவை மூன்று: மரத்துக்குப் போதிய ஒளி, கோடை வறட்சியில் இலைகள் முன்கூட்டியே உதிராதபடி பாசனம், ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து கொடுக்காத கட்டுப்பாடு. புல்தரைக்கு இடும் உரம் மரத்தின் வேருக்கும் போய்ச் சேர்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாமதமாகக் கிடைத்த தழைச்சத்து இலையைப் பச்சையாகவே பிடித்துவைப்பதோடு, முற்றாத தளிர்களைக் கிளப்பி முதல் உறைபனிக்குப் பலியாக்கிவிடும்.

ஆகஸ்டிலேயே ஒரு கிளை மட்டும் அழகாகச் சிவந்தால் மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் அக்கிளைக்கு நீர் செல்வது தடைபட்டிருப்பதன் அடையாளம். அடிமரத்தைப் பார்க்க வேண்டிய நாள் அதுதான்.

கேள்வி: தொட்டியில் வளர்க்கும் மேப்பிளைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமா? வெளியே விட்டுவைக்க மனம் கேட்கவில்லை.

பதில்: உங்கள் இரக்கம் புரிகிறது, ஆனால் வெப்பமூட்டிய அறை அதற்குத் தீங்கே செய்யும். மேப்பிளின் மொட்டுகள் சில வாரங்கள் குளிரில் உறங்கிய பின்பே ஒழுங்காக விரியும். அதே நேரத்தில், தொட்டியில் இருக்கும் வேருக்கு நிலம் தரும் பாதுகாப்பு இல்லை என்பதும் உண்மை. ஜப்பானிய மேப்பிளின் கிளை தாங்கும் குளிரை அதன் வேர் தாங்காது. வேர்மண்ணின் வெப்பநிலை −10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் வேர்கள் மடியத் தொடங்கும். எனவே வெப்பமூட்டாத கொட்டகையோ கார் நிறுத்துமிடமோ ஏற்றது. இலையற்ற மரத்துக்கு ஒளி தேவையில்லை. அந்த வசதி இல்லாதவர்கள் தொட்டியைச் சுவரோரமாக நகர்த்தி, சாக்குத்துணியாலும் காய்ந்த இலைகளாலும் சுற்றி, தரையில் படாதபடி சிறு கட்டைகள் மேல் வைக்கலாம். உறங்கும் மரத்துக்கும் நீர் வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்த்து, உறையாத நாளில் சிறிது ஊற்றுங்கள். மொட்டு பருத்ததும் வெளியே எடுத்து, பின்பனி எச்சரிக்கை வரும் இரவுகளில் மட்டும் மெல்லிய துணியால் மூடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்றும்போது, வட்டமிட்ட வேர்களைப் பிரித்து வெட்ட மறவாதீர்கள்.

கேள்வி: கன்று மேப்பிளின் பட்டை தென்மேற்குப் பக்கத்தில் நெடுக வெடித்திருக்கிறது. யாராவது வெட்டினார்களா?

பதில்: வெட்டியது குளிர்கால வெயில். மெல்லிய பட்டை பிற்பகல் வெயிலில் சூடேறிச் செல்கள் விழித்துக்கொள்ள, சூரியன் மறைந்தவுடன் திடீரென உறைந்து மடிகின்றன. வெடிப்பை எதனாலும் அடைக்காதீர்கள். அடுத்த இலையுதிர்காலத்தின் முடிவில் தண்டை வெண்ணிறக் காப்புறையால் சுற்றி, இளவேனிலில் தவறாமல் அவிழ்த்துவிடுங்கள். கோடையிலும் விட்டுவைத்தால் பூச்சிகள் குடியேறும். பட்டை தடித்துச் சொரசொரப்பாகும்வரை சில ஆண்டுகள் இதைத் தொடர வேண்டும்.

கேள்வி: சிறகுடைய விதைகள் நிறைய உதிர்ந்தன. மண்ணில் போட்டும் ஒன்றும் முளைக்கவில்லையே?

பதில்: எப்போது உதிர்ந்தவை என்பதைப் பொறுத்தது. சிவப்பு, வெள்ளி மேப்பிள்களின் விதை கோடை தொடங்கும்போதே முற்றி உதிரும். காயவிடாமல் உடனே விதைத்தால் சில நாள்களில் முளைக்கும். வெள்ளி மேப்பிளின் விதை காய்ந்துவிட்டால் பயனில்லை. சர்க்கரை மேப்பிளும் ஜப்பானிய மேப்பிளும் இலையுதிர்காலத்தில் விதை தருபவை. அவற்றை ஈர மணலில் கலந்து, துளையிட்ட பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று மாதம் வரை வைத்திருந்து, மார்ச்சில் விதையுங்கள்.  இவ்வகை விதைகளுக்குக் குளிர் கடந்துபோனதற்கான உறுதி கிடைத்தாக வேண்டும். ஒட்டு வகையின் விதையில் முளைப்பது தாயைப்போல இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முளைத்த கன்றுகளை முதல் கோடையில் நேர்வெயிலில் வைக்காமல், இரண்டாம் இளவேனிலில் தனித்தனியாகப் பிரித்து நடுங்கள். அப்போதே ஆணிவேர் நேராக இறங்குமாறு பார்த்து, வேர் பிரியும் இடம் மண்மட்டத்தில் தெரியும்படி வைத்துவிடுங்கள்.